சிறு கழகமும் பெரும் பற்றும்: அக்ரிங்டன் ஸ்டான்லி கால்பந்துக் கழகத்தின் வரலாறு

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு இளைஞர்கள் விரும்பிப் படிக்கத்தக்க வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். எதனை எழுதுவது என்ற எண்ணத்துடன் ஒரு மாலைப் பொழுதில் பள்ளித் திடல் வழியே வந்தேன். அங்கே மாணவர் சிலர் பந்தாடிக்கொண்டிருந்தனர். ஒருவன் மார்பில் மான்செஸ்டர் கழகம் ஒன்றின் சின்னம். மற்றொருவன் மார்பில் பார்சிலோனாவின் சின்னம். "ஏன் தம்பி, இந்தக் கழகத்தின் மீது இத்தனை விருப்பம்?" என்று வினவினேன். "பெரிய கழகம் ஐயா, நிறையக் கோப்பைகள் வென்றிருக்கிறது" என்றான் அவன்.

அவன் கூறியதில் தவறொன்றுமில்லை. ஆயினும், வென்றவர்பால் அன்பு கொள்வது எவர்க்கும் எளிது. வெல்லாத ஒன்றை, பிறர் நகைக்கும் ஒன்றை, சில காலம் இவ்வுலகிலேயே இல்லாமற்போன ஒன்றைத் தம்முடையதென்று வாழ்நாள் முழுதும் கைவிடாது போற்றியவர்களும் உண்டு. அந்த மான்செஸ்டர் நகருக்கு வடக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் வாழ்ந்த மக்களே அவர்கள். அவர்தம் கழகத்தின் பெயர் அக்ரிங்டன் ஸ்டான்லி. அதன் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

ஊரும் தொழிலும்

இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் மாவட்டத்தில், மேட்டு நிலங்களால் சூழப்பட்ட தொழில் நகரம் அக்ரிங்டன். இன்றும் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 35,000 மட்டுமே. நூற்பில் பெரும் புரட்சியை விளைவித்த ஜென்னி எனும் கருவியைக் கண்டறிந்த ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ், இவ்வூரை அடுத்த ஆஸ்வால்டுவிசில் பகுதியினர். பருத்தி ஆலைகள், ஹோவர்டு அண்டு புல்லோ எனும் நூற்பு இயந்திரத் தொழிற்சாலை, சிவந்த உறுதியான செங்கற்களைச் சுடும் சூளைகள் ஆகியவையே இம்மக்களுக்கு வாழ்வளித்தன. ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் விடியுமுன் ஆலை புகுந்து இருட்டிய பின் வீடு திரும்பிய காலம் அது.

அத்தகையோர்க்கு விளையாட ஓய்வு எங்ஙனம் கிட்டியது? 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமைகளில் பெண்டிர்க்கும் இளையோர்க்கும் பிற்பகல் 2 மணியுடன் வேலை முடிய வேண்டும் என்று வரையறுத்தது. அவர்கள் இன்றி ஆலை ஓடாது. ஆதலின் நாளடைவில் ஆடவர்க்கும் அந்த அரைநாள் ஓய்வு கிட்டிற்று. சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கால்பந்தாட்டம் தொடங்கும் ஆங்கிலேய வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கின்றது. போராடிப் பெற்ற ஓய்வு நேரத்திலேயே தொழிலாளர் தம் விளையாட்டை வளர்த்தனர் என்பதை இளைஞர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அக்காலத்தில் கால்பந்து உயர்குடியினர் பயிலும் பள்ளிகளின் விளையாட்டாகக் கருதப்பட்டது. 1883இல் அக்ரிங்டனுக்கு அண்மையிலுள்ள பிளாக்பர்ன் நகரின் ஒலிம்பிக் எனும் தொழிலாளர் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை 2-1 என்ற கணக்கில் வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது. நாடு வியந்தது. பணத்துக்காக ஆடுதல் இழிவு என்று செல்வர்கள் கூறினர். ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடில் அடுப்பெரியாத தொழிலாளி ஊதியமின்றி எங்ஙனம் ஆடுவான் என்று லங்காஷயர் கழகங்கள் வாதிட்டன. 1885இல் ஆட்டக்காரர்க்கு ஊதியம் வழங்கல் முறைப்படி ஏற்கப்பட்டது. பணம் பெறாது ஆடுதலே பெருமை என்னும் கொள்கை, பணம் உடையோர்க்கு மட்டுமே களத்தைத் திறந்துவிடும் கொள்கையாகும். அக்கதவை உடைத்தவர் ஆலைத் தொழிலாளரே.

மூன்று கழகங்கள்

1888இல் 12 கழகங்கள் கூடி உலகின் முதற் கால்பந்து லீகை நிறுவின. அப்பன்னிரண்டனுள் அக்ரிங்டன் எனும் கழகமும் ஒன்று. ஆயின் அது 1893இல் லீகை விட்டு விலகி, 1896இல் மறைந்தது. இதனையும் நாம் பேசப்போகும் ஸ்டான்லி கழகத்தையும் ஒன்றெனப் பலர் மயங்குவர். இரண்டும் வேறு வேறு.

1891இல் ஸ்டான்லித் தெரு இளைஞர்கள் ஸ்டான்லி வில்லா என்று ஓர் அணி அமைத்தனர். பின்னர் ஊர்ப் பெயரையும் சேர்த்து அது அக்ரிங்டன் ஸ்டான்லி ஆயிற்று. ஒரு தெருவின் பெயரைத் தாங்கிய அவ்வணி, 1921இல் லீகின் மூன்றாம் பிரிவில், வடபகுதியில் இடம் பெற்றது. பீல் பார்க் எனும் மேட்டு நிலமே அதன் ஆட்டக்களம்.

மூன்றாவது கழகம் பிறந்த வரலாறு இக்கட்டுரையின் பிற்பகுதியில் வரும். இரண்டாவது கழகம் இறந்ததால் அது பிறந்தது.

முதியோர் நினைவுகள்

சிறு கழகத்தின் ஆதரவாளர்கள் முதுமையில் நினைவுகூர்வன பெரும்பாலும் வெற்றிகள் அல்ல. தந்தையின் கைப்பிடித்து முதன்முறை களத்துக்குச் சென்ற நாள். மேட்டிலிருந்து வீசிய குளிர்காற்று. இடைவேளையில் உண்ட சூடான இறைச்சிப் பணியாரம். தம் தெருவிலேயே குடியிருந்து, தம்முடன் பேருந்தில் வந்த ஆட்டக்காரர். இவையே அவர்தம் செல்வம். பெரிய கழகத்தின் ஆதரவாளன் ஆட்டக்காரனைச் சுவரொட்டியில் கண்டு வணங்குவான். சிறு கழகத்தின் ஆதரவாளன் அவனைக் கடைத்தெருவில் கண்டு, "சென்ற வாரம் ஏன் அந்தப் பந்தை விட்டாய்?" என்று கேட்பான்.

ஸ்டான்லிக்கும் பொற்காலம் ஒன்று இருந்தது. வால்டர் கால்பிரெய்த் எனும் மேலாளர் ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர் பலரைக் கொணர்ந்தார். 1955இல் பதினொருவரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவராகவே அமைந்த அணி களமிறங்கியது. 1954-55 பருவத்திலும் 1957-58 பருவத்திலும் ஸ்டான்லி தன் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றது. முதலிடம் பெற்ற கழகம் மட்டுமே மேற்பிரிவுக்குச் செல்லலாம் என்பது அந்நாளைய விதி. எனவே இருமுறையும் வாயில்வரை சென்று திரும்ப நேர்ந்தது. அவ்வாண்டுகளைப் பற்றி அவ்வூர் முதியோர் பேசுங்கால் பெருமையும் ஏக்கமும் ஒருங்கே தொனிப்பதில் வியப்பில்லை.

வீழ்ச்சியின் காரணங்கள்

ஒரு நிறுவனம் ஒரே நாளில் வீழ்வதில்லை. வரலாறு பயில்வோர் காரணங்களை வகுத்துக் காணல் வேண்டும்.

முதலாவது, தொழிலின் தளர்ச்சி. லங்காஷயரின் பருத்தித் தொழில் நலிந்தது. 1959இல் பருத்தித் தொழிற் சட்டம் இயற்றப்பட்டு, பழைய இயந்திரங்களை உடைத்தெறிய அரசே உதவித்தொகை வழங்கிற்று. ஆலை மூடினால் நுழைவுச் சீட்டுக்கான காசும் குறையும்.

இரண்டாவது, அண்டையிலிருந்த பெருங்கழகங்கள். 1960இல் பர்ன்லி முதற் பிரிவின் வாகையர்; அதே ஆண்டில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஆடிற்று. இரண்டும் அக்ரிங்டனிலிருந்து சில கல் தொலைவே. வெற்றியைக் காண விரும்பியவர் பேருந்தேறிச் சென்றனர். அதே 1960இல் ஸ்டான்லி நான்காம் பிரிவுக்கு இறங்கியது.

மூன்றாவது, ஆட்டக்காரர் ஊதியம். வாரத்துக்கு 20 பவுன் என்றிருந்த உச்சவரம்பு 1961 சனவரியில் நீக்கப்பட்டது. தொழிலாளரின் நியாயமான உரிமைதான் அது. ஆயினும் பெருங்கழகத்துக்கும் சிறுகழகத்துக்கும் இடையிலான பள்ளம் அதனால் அகன்றது.

நான்காவது காரணத்தை நாம் மிகவும் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். 1958இல் கழகத்தினர், ஆல்டர்ஷாட் நகரில் படையணிக் காட்சிக்காக அமைந்திருந்த பெரிய பார்வையாளர் மேடை ஒன்றை விலைக்கு வாங்கினர். வாங்கிய விலை மலிவு. ஆயின் நாட்டின் தென்பகுதியிலிருந்து அதைப் பிரித்துக் கொணர்ந்து, மேட்டு நிலத்தில் மீண்டும் நிறுத்திய செலவு வாங்கிய விலையைப் போலப் பல மடங்காயிற்று. வருவாய் சிறிதாயினும் செலவு அதனை மீறாதிருப்பின் கேடில்லை என்பது வள்ளுவர் காட்டிய வழி. பீல் பார்க்கில் மேடை உயர்ந்தது; கூட்டம் குறைந்தது; கடன் வளர்ந்தது. 1962இல் கடன் சுமார் 60,000 பவுன்.

அம்மேடையை எதிர்த்து ஆதரவாளர் குரல் எழுப்பியிருக்கலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் கையில் இருந்தது நுழைவுச் சீட்டு, கணக்கேடு அன்று. சனிக்கிழமைதோறும் தொண்டை வறளக் கூவியவர்கள், தம் கழகம் எவ்வளவு கடன்பட்டிருந்தது என்பதை அது சாகுந் தறுவாயிலேயே அறிந்தனர்.

1962 மார்ச் 2ஆம் நாள் குரூ அலெக்சாண்ட்ரா கழகத்திடம் ஸ்டான்லி 4-0 என்று தோற்றது. அதுவே அக்கழகத்தின் இறுதி லீக் ஆட்டம். ஆலோசனை கூற அழைக்கப்பட்டிருந்த பர்ன்லிக் கழகத் தலைவர் பாப் லார்டு, மீள வழியில்லை என்று கருதினார். விலகல் கடிதம் லீகுக்கு அனுப்பப்பட்டது. பின்னர் உதவி கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கை பிறந்து, கடிதத்தைத் திரும்பப் பெற முயன்றனர். லீகின் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் இசையவில்லை. கடிதம் கடிதமே என்றாயிற்று. அப்பருவத்தில் ஸ்டான்லி ஆடியிருந்த 33 ஆட்டங்களின் முடிவுகளும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. அண்டைக் கழகத்தின் தலைவரிடமா நம் உயிரை ஒப்படைப்பது என்ற மனக்குறை ஊரார் நெஞ்சில் நெடுங்காலம் நின்றது.

தோல்வியைப் பொறுக்கலாம். ஆடியதையே ஆடவில்லை என்று அழித்துவிடுவது எத்தகைய வேதனை! மழையிலும் பனியிலும் நின்று கண்ட 33 ஆட்டங்கள் ஏட்டில் இல்லை. கண்டவர் நினைவில் மட்டுமே இருந்தன. ஏடு கைவிட்டதை நெஞ்சம் காத்தது.

காலியான இடத்தில் ஆக்ஸ்போர்டு யுனைடெட் எனும் கழகம் லீகில் சேர்க்கப்பட்டது. ஸ்டான்லி லங்காஷயர்க் காம்பினேஷன் எனும் வட்டாரப் போட்டியில் சில ஆண்டு தள்ளாடி, 1966இல் முற்றிலும் மறைந்தது.

தொழிலாளர் மன்றத்தில் ஒரு கூட்டம்

இரண்டாண்டுகள் ஊரில் ஸ்டான்லி என்று ஒரு கழகமே இல்லை. பர்ன்லியையோ பிளாக்பர்னையோ தம்முடையதாகக் கொள்ள எவரும் தடுக்கவில்லை. ஆயினும் 1968இல் போல்டு தெருவிலுள்ள தொழிலாளர் மன்றத்தில் ஊரார் கூடினர். பணமில்லை, களமில்லை, ஆட்டக்காரர் இல்லை. இருந்தது ஒரு பெயர் மட்டுமே. அப்பெயரில் மீண்டும் ஒரு கழகம் தொடங்குவதென்று முடிவு செய்தனர். 1970இல் கிரவுன் கிரவுண்டு எனும் புதிய களத்தில், அதே சிவப்புச் சட்டையுடன், அடித்தட்டிலிருந்து ஆட்டம் தொடங்கிற்று.

இவ்வுயர்வு விரைந்து வந்ததன்று. வட்டாரப் போட்டிகளில் சில நூறு பேர் முன்னிலையில் ஆடிய ஆண்டுகள் பல. 1989இல் தொலைக்காட்சியில் வந்த பால் விளம்பரம் ஒன்றில், பால் அருந்தாவிடில் அக்ரிங்டன் ஸ்டான்லிக்கு ஆடத்தான் தகுதி கிட்டும் என்று ஒரு சிறுவன் கூற, அப்படியொரு கழகமா, யார் அவர்கள் என்று மற்றொருவன் கேட்பான். நாடே நகைத்தது. அக்ரிங்டன் மக்களோ தம் பெயரை நாடறியச் செய்த கேலியாக அதனையும் ஏற்று, தாமே சொல்லிச் சிரித்தனர். எள்ளலைத் தன் அடையாளமாக மாற்றிக்கொண்டவனை எவர் எள்ளுவது?

1992இல் எஃப்.ஏ. கோப்பையின் இரண்டாம் சுற்றில் ஸ்டான்லியை எதிர்த்தது 1962இன் இறுதி ஆட்டத்தில் எதிர்த்த அதே குரூ கழகம். தம் களம் போதாமையால் பர்ன்லியின் களத்தில் அவ்வாட்டம் நடந்தது. ஸ்டான்லி 6-1 என்று தோற்றது. இருப்பினும் முப்பது ஆண்டுக்குப் பின் அவ்விரு பெயர்களும் மீண்டும் எதிரெதிரே எழுதப்பட்டன.

நாற்பத்து நான்கு ஆண்டுகள்

1999இல் ஜான் கோல்மன் மேலாளராக அமர்ந்தார். அவர் முன்னர்ப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பதை ஆசிரியனாகிய நான் சற்றுப் பெருமையுடனேயே குறிப்பிடுகின்றேன். 2003இல் ஸ்டான்லி லீகுக்கு அடுத்த கீழ்ப்படியை எட்டியது. 2006இல் அப்பிரிவின் வாகையராகி, 44 ஆண்டுக்குப் பின் லீகினுள் மீண்டும் நுழைந்தது. அதே பருவத்தின் முடிவில் லீகிலிருந்து வெளியேறிய கழகங்களுள் ஒன்று எது தெரியுமா? 1962இல் ஸ்டான்லியின் இடத்தைப் பெற்ற ஆக்ஸ்போர்டு யுனைடெட். கதையில் எழுதினால் நம்பமாட்டோம், வரலாறு எழுதிற்று.

நான்கு பத்தாண்டுகள் என்று எழுதுவது எளிது. கணக்கிட்டுப் பாருங்கள். 1962இல் பத்து வயதுச் சிறுவனாகக் கண்ணீர் விட்டவனுக்கு 2006இல் வயது ஐம்பத்து நான்கு. அவனை முதன்முதல் களத்துக்கு அழைத்துச் சென்ற தந்தையருட் பலர் அந்நாளைக் காண உயிருடன் இல்லை. அவன் தன் பேரப் பிள்ளையின் கைப்பிடித்து வந்தான். 2006 ஆகஸ்டு 5ஆம் நாள் செஸ்டர் நகரில் நடந்த அந்த முதல் லீக் ஆட்டத்தில் ஸ்டான்லி 2-0 என்று தோற்றது. அதனால் என்ன? தோற்பதற்கும் ஓர் இடம் வேண்டுமன்றோ? அவ்விடத்தைப் பெறவே நாற்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்தனர்.

ஆயினும் இடர் நீங்கவில்லை. 2009இல் வரிப்பாக்கி 3,08,000 பவுன் என்று நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. கெடுவுக்குள் செலுத்தாவிடில் கழகம் கலைக்கப்படும். இம்முறை ஊரார் முடிவைச் செய்தித்தாளில் படிக்கக் காத்திருக்கவில்லை. நிதி திரட்ட முனைந்தனர், உண்டியல் குலுக்கினர். திரண்ட சிறு தொகைகள் முழுப் பாக்கியையும் அடைத்துவிடவில்லை என்பதே உண்மை. லங்காஷயரில் வளர்ந்தவரும் நெடுநாள் ஆதரவாளருமான இலியாஸ் கான் முன்வந்து பெருந்தொகையை ஏற்றார். எனினும், ஊர் கைவிட்ட கழகத்துக்குச் செல்வர் எவரும் கைகொடுப்பதில்லை. சிறுதுளிகளைக் கண்ட பின்னரே பெருமழை வரும்.

2015இல் ஆண்டி ஹோல்ட் எனும் உள்ளூர்த் தொழிலதிபர் பொறுப்பேற்றார். 2018இல் ஸ்டான்லி நான்காம் தட்டின் வாகையராயிற்று. அப்பருவத்தில் சொந்தக் களத்துக்கு வந்த கூட்டத்தின் சராசரி சுமார் 2,000 மட்டுமே. 2023இல் மீண்டும் ஒரு தட்டு இறங்கியது. இறங்கினாலும் மறையவில்லை. அவ்வட்டாரப் பள்ளிகளில் குறிப்பிட்ட வகுப்பில் பயிலும் பிள்ளைகள் அனைவர்க்கும் ஆண்டுதோறும் கழகச் சட்டையை இலவசமாக வழங்கும் வழக்கத்தையும் கழகம் மேற்கொண்டது. தொழிலிழந்த ஊரின் குழந்தை, பிறர் ஊரின் பெயரை அன்றித் தன் ஊரின் பெயரை மார்பில் தாங்கிப் பந்தாடுகிறது. பழைய பீல் பார்க் நிலத்திலும் பள்ளிப் பிள்ளைகளே விளையாடுகின்றனர்.

நாம் கொள்ளத்தக்கது

இளைஞர்களே! ஸ்டான்லியின் வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகளை நான் உங்கள் முன் வைக்கின்றேன்.

ஒன்று: ஒரு நிறுவனத்தின் உயிர் அதன் கட்டடத்தில் இல்லை. 1962இல் ஸ்டான்லிக்கு ஊரே வியக்கும் மேடை இருந்தது, கழகம் செத்தது. 1968இல் ஒரு மன்றத்தின் நாற்காலிகளைத் தவிர வேறொன்றும் இல்லை, கழகம் பிறந்தது.

மற்றொன்று: பற்று மட்டும் போதாது. 1962இல் அவ்வூரில் அன்புக்குப் பஞ்சமில்லை. அவ்வன்பு கணக்கேட்டைக் காணவில்லை, கேள்வி கேட்கவில்லை, கேட்கும் உரிமையும் அதற்கு இருக்கவில்லை. "எங்கள் கழகம்" என்று பாடுவோன் ஆதரவாளன்; "எங்கள் கழகத்தின் வரவென்ன, செலவென்ன?" என்று உரிய காலத்தில் கேட்போன் உறுப்பினன். முன்னவனைப் போல் ஆயிரம் பேர் இருந்தும் ஸ்டான்லியைக் காக்க இயலவில்லை.

நம் சங்கமும் கூலி வேலை செய்தோர் மாதந்தோறும் தந்த சிறு சந்தாவினால் எழுந்ததே. இருபத்தைந்து ஆண்டுகளின் வரவுசெலவு ஏடுகள் அலுவலக அலமாரியில் வரிசையாக உள்ளன. விழா முடிந்த மறுவாரம், பந்தாட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில், உங்களுள் இருவரேனும் உள்ளே வந்து அவ்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். புரியாத இடம் இருப்பின் கேளுங்கள். கேட்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் விளக்கு அணைவதில்லை.